மதுவிலக்குப் புத்தகங்களும் ஒரு பாண் வானும்

நான் பழைய மதுவிலக்குப் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கியதற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. வேறு ஒருவரும் அவற்றைச் சேர்க்கவில்லை. அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜேர்மனியில் நான் இருந்த ஹம் நகரின் பழஞ்சாமான் சந்தைக்கு மேசை விளக்கு ஒன்று வாங்கப் போனேன். தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றோடு திரும்பினேன். வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகள் பலவும் இந்த மாதிரித்தான். புத்தகம் பழைய ஜேர்மன் எழுத்தில் அச்சானது. ஒவ்வோர் எழுத்தும் முள்ளுக்கம்பியை வளைத்துச் செய்தது போல இருக்கும். நான் அப்போது கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன், ஆகவே முள்ளுக்கம்பி கண்டு பயப்படுகிறவன் அல்ல. செபப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்து, வேலை முடிந்து வந்து ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பியரைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்றாவது கிழமைதான் விளங்கியது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு ஒரு பாதிரியார், கையில் கிளாசோடு இருக்கிற என்னைப் போன்ற ஆட்களை ஒவ்வொரு பக்கத்திலும் நரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. என்னை இவ்வளவு கவனமாக ஒருவரும் திட்டியதில்லை.

தபால்தலை சேர்க்கிறவனுக்குப் போட்டி உண்டு, நாணயம் சேர்க்கிறவனுக்கும் உண்டு. குடிக்கு எதிராக அந்தக் காலத்துப் பாதிரிமாரும் வைத்தியர்களும் எழுதிய புத்தகங்களுக்கு எங்கள் வெஸ்ட்பாலியாப் பிரதேசம் முழுவதிலும் நான் ஒருவன்தான் ஆள். மூன்ஸ்டரில் பழைய புத்தகக்கடை வைத்திருந்த கிழவர் அவற்றைக் கடைக்குப் பின்னால், கழிவறைக்குப் போகிற வழியில், ஒரு பெட்டியில் போட்டிருந்தார். இரண்டாவது தடவை நான் அந்தப் பெட்டியைக் கேட்டபோது அவருடைய முகம் மாறியது. மூன்றாவது தடவை நான் கதவைத் திறக்கும் மணிச்சத்தம் கேட்டதும் மேசையில் இருந்த வைன் கிளாசை எடுத்து அகராதிகளுக்குப் பின்னால் ஒளித்தார். பாவம், குடியை விடப் போராடுகிற மனிதன் என்று என்னை நினைத்துவிட்டார். அவருடைய இரக்கத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வைனின் வாசமோ நன்றாக இருந்தது. எட்டு வருடங்களில் ஒரு சொட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கே இருந்த எங்கள் தமிழ் ஆட்களும் அந்தக் கிழவரைப் போலத்தான். கொண்டாட்டங்களில் நான் உள்ளே போனால் மேசைக்குக் கீழே போத்தல் இறங்கும் சத்தம் கேட்கும். எனக்கு ஒறேஞ் ஜூஸ் வரும். என் மனைவி மட்டும் இதில் மயங்கவில்லை.

"குடிக்கிறவன் குடிக்கிறான், விடுகிறவன் விடுகிறான்," என்றாள். "குடிச்சுக் குடிச்சு அதை விடுறதைப் பற்றி வாசிக்கிறது உலகத்தில நீங்கள் ஒரு ஆள்தான்."

அறுபது எழுபது புத்தகம் சேர்ந்த காலத்தில்தான் அண்ணையின் லைசென்ஸ் போனது.

அண்ணை என்றால் உடன்பிறந்த அண்ணன் அல்ல. மன்னார்ப் பக்கத்து ஆள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். ஒரு பெரிய பேக்கரியில், கடைகளுக்குப் பாண் ரொட்டி கொண்டுபோகிற வான் ஓடினார். அந்த வேலை அவருக்கு வேலை மட்டும் அல்ல. அகதி முகாம், சமையலறை, கழுவுகிற வேலை என்று எல்லாம் கடந்து, தன் கையில் ஒரு வண்டியின் திறப்பு வந்த முதல் இடம் அது. ஒரு சொந்தக்காரரின் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சாப்பாடு நடக்கிறபோது பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் வந்து, யாருடைய காரோ தன் கராஜ் வாசலை மறித்து நிற்கிறது, எடுங்கள் என்று சத்தம் போட்டார். அண்ணையின் கார். அண்ணை ஓடிப்போய் எடுத்தார். எடுத்து இருபது மீற்றர் தள்ளி, அதே ஜேர்மன்காரரின் தபால்பெட்டியில் நிறுத்தினார். எடுக்கச் சொன்னவரும் அவர்தான், எடுத்ததற்குப் பொலிசைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

ஊதச் சொன்னார்கள். ஊதினார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்து இளைய பொலிஸ்காரர் மூத்தவருக்குக் காட்டினாராம்.

தடைக்காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது. அதற்கு வைத்தியரும் உளவியலாளரும் ஆளை இருத்தி விசாரித்து, இவர் இனி குடித்துவிட்டு ஓட மாட்டார் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு நீண்ட சட்டப் பெயர் ஒன்று இருக்கிறது. ஜேர்மன்காரர் தங்களுக்குள் அதை 'இடியோட்டன்டெஸ்ட்' என்பார்கள், மடையர்களுக்கான சோதனை. பேக்கரி முதலாளி அண்ணையைப் பாண் அடுக்கும் பகுதிக்கு மாற்றினார், வானுக்குத் தற்காலிகமாக ஒரு ஆளைப் போட்டார். "ஈஸ்டர் வரைக்கும் பார்க்கிறேன். அதற்குப் பிறகு நிரந்தரமாக ஒரு ஆளை எடுப்பேன்," என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஆட்களிடம் 'சோதனை' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது ஜேர்மன் அரசாங்கத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாங்கள் மூன்று பொருள் தேடுவோம்: பழைய வினாத்தாள், மாதிரி விடை, ரியூசன் மாஸ்டர். அண்ணை ஒரு சனிக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, குடியை விடுறதைப் பற்றி உம்மட்ட எத்தினை புத்தகம் இருக்கு?"

"அறுபது எழுபது இருக்கும் அண்ணை."

"அதில மாதிரி விடை உள்ளது எது?"

"அண்ணை, இது அந்த மாதிரிச் சோதினை இல்லை. அவை உங்களோட இருந்து கதைச்சு, நீங்கள் திருந்திட்டீங்களோ எண்டு பாப்பினம்."

"அப்ப வாய்மொழிச் சோதினை. நல்லது. எழுத்தில எனக்கு டொச் பாசை பிழைக்கும்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "திருந்தின ஆள் ஒருத்தன் என்ன சொல்லுவான் எண்டதை நீர் எடுத்துத் தாரும். நான் பாடமாக்கிறன். இண்டையில இருந்து நீர் மாஸ்டர்."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் என் புத்தகங்களை ஒருவர் தானாகத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. தரகர் கேட்காமலே ஒரு மாப்பிள்ளை வீடு வந்து நின்றால் பெண்ணைப் பெற்றவன் என்ன செய்வானோ, அதைச் செய்தேன். அலுமாரியைத் திறந்துவிட்டேன்.

தேடி எடுத்தது ஒரு மெல்லிய புத்தகம். ஒரு மதுவிலக்குச் சங்கம் வெளியிட்டது. திருந்திய தச்சன் ஒருவன் சங்கத்துக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லும் வாக்குமூலம். தச்சன் குடிக்கிறான், குதிரை வண்டிலிலிருந்து விழுகிறான், குதிரை தனியாக வீட்டுக்கு வந்து சேருகிறது, ஏழு பிள்ளைகளும் பாண் இல்லாமல் அழுகிறார்கள், தச்சன் சாராயத்தைத் தன் சத்துரு என்று அறிந்து சத்தியம் செய்கிறான். அண்ணைக்குக் கண் கலங்கியது. பாண் வருகிற கதை என்பதால் தனக்காகவே எழுதியது என்றார்.

சனிக்கிழமை தோறும் பின்னேரம் எங்கள் குசினி மேசையில் வகுப்பு நடந்தது. அண்ணை தனியாக வரவில்லை, அவருடைய மனைவியும் வந்தா, எங்களுக்கு அவ அக்கா. அண்ணைக்கு ஓட ஏலாத நிலையில் வீட்டில் ஒருவராவது ஓடத் தெரியவேண்டும் என்று அவ சாரதிப் பள்ளியில் சேர்ந்திருந்தா. அதற்கும் எழுத்துச் சோதனை உண்டு. ஒரு கட்டு வினாத்தாள் கொடுப்பார்கள். உண்மையான சோதனையில் அந்தக் கட்டுக்குள் இருந்தே கேள்வி வரும். சரியான விடைக்கு நேரே உள்ள பெட்டியில் புள்ளடி போடவேண்டும். அக்கா மேசையின் மற்ற மூலையில் இருந்து அதை மௌனமாகப் படிப்பா.

ஒருநாள் ஒரு நீண்ட ஜேர்மன் சொல்லுக்குப் பொருள் சொல்லப் போனேன்.

"பொருள் வேண்டாம் தம்பி," என்றா. "இந்தச் சொல்லு வந்தா ரெண்டாவது பெட்டி. படத்தில சைக்கிள்காரன் வந்தா மூண்டாவது. விளக்கம் சொன்னா எனக்குக் குழம்பிப் போகும்."

அண்ணை மற்ற மூலையில் இருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பழைய காலத்து ஜேர்மன், ஒவ்வொரு வசனமும் ஒரு பக்க நீளம், வினைச்சொல் வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அவர் தடுமாறினால் நான் எடுத்துக் கொடுப்பேன். நான் தடுமாறினால் அடுப்படியில் நின்று என் மனைவி எடுத்துக் கொடுப்பாள். ஒரு வரியும் அவள் வாசித்ததில்லை. கேட்டுக் கேட்டே வந்துவிட்டது.

"குதிரை தன்ரபாட்டில வீட்டை வாற இடத்தை என்ன செய்யிறது மாஸ்டர்?" என்று அண்ணை கேட்டார். "வான் அப்பிடி வராதே."

"குதிரையை விட்டுடுவம் அண்ணை."

"விடேலாது. கதையில நெஞ்சைத் தொடுற இடமே அதுதான்."

குதிரை இருந்தது.

வகுப்பு நடந்த ஆறு கிழமைக்குள் என் பியரும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. குடியை விடச் சொல்லிக் கொடுக்கிற மேசையில் மாஸ்டர் போத்தல் வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை என்று சனிக்கிழமைகளில் நிறுத்தினேன். பிறகு வெள்ளிக்கிழமை தயாரிப்பு வேலை என்று அன்றும் நிறுத்தவேண்டி வந்தது. அப்படியே கிழமை முழுக்கப் பரவிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் என் புத்தகங்களால் திருந்தியது நான் ஒருவன்தான். அதுவும் தற்காலிகமாக.

சோதனை டோட்முண்டில். ரெயினில் நானும் கூடப் போனேன். நடைபாதையில் போட்டிருந்த கதிரைகளில் ஆறு ஆண்கள், பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு விட்ட பொடியன்களைப் போல இருந்தார்கள். முதலில் ஒரு கருவிக்கு முன்னால் இருத்தி, விளக்கு எரிந்ததும் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அண்ணை அதில் வலு கெட்டிக்காரன். பிறகு உளவியலாளரான ஒரு பெண்மணியின் அறைக்குப் போனார். முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது, கேள்வி எல்லாம் எழுதி முடித்து மிச்ச நேரத்தில் தலைப்புக்குக் கோடும் போட்டுவிட்டு வருகிறவனின் முகம்.

"படிச்சதெல்லாம் வந்தது மாஸ்டர்!" என்றார்.

திரும்பும் ரெயினில் விபரம் கேட்டேன்.

"ஏன் குடிச்சனீங்கள் எண்டு கேட்டா. நான் தொடங்கினன். அவ எழுதிக்கொண்டிருந்தவ, பேனையைக் கீழ வைச்சிட்டு என்ர வாயையே பாத்துக்கொண்டிருந்தா."

"குதிரை?"

"குதிரை வந்த இடத்தில தண்ணி எடுத்துக் குடிச்சா."

"பிறகு?"

"பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டா."

"ரெண்டெண்டு சொன்னனீங்கள்தானே?"

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஏழு," என்றார்.

"அண்ணை!"

"ஓட்டத்தில வந்திட்டுது. உடன சமாளிச்சனான். மிச்சம் அஞ்சும் ஊரில எண்டு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தேற்றுகிற மாதிரித் தோளில் தட்டினார்.

"கடைசிக் கேள்விக்குத்தான் நான் முழு மாக்ஸ் எடுத்தது. இப்ப என்ன குடிக்கிறீங்கள் எண்டு கேட்டா. நீர் சொல்லித் தந்த மாதிரியே, சாராயம் என்ர சத்துரு, இனி என்ர உதட்டிலயும் படாது எண்டன். பியர் எண்டால் அது உழைக்கிற சனத்துக்கு ஆண்டவர் தந்த ஆரோக்கியமான பானம், அதை நன்றியோட குடிக்கிறன் எண்டன்."



விசயம் இதுதான். அந்தக் காலத்து முதல் ஜேர்மன் மதுவிலக்குச் சங்கங்கள் பலவும் சாராயத்தைத்தான் எதிர்த்தன. பியரை அவர்கள் குடியாகவே எண்ணவில்லை. சாராயத்தை விட்டவனுக்குப் பியரைச் சிபாரிசு செய்தவர்களும் உண்டு. இது வெஸ்ட்பாலியாவில் யாருக்காவது தெரியும் என்றால் அது எனக்குத்தான். அந்த அலுமாரியின் நடுத்தட்டு முழுக்க அந்தச் சங்கதிதான். அப்படியிருந்தும் ஆறு சனிக்கிழமைகள் அந்த வரியை அவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், உச்சரிப்பையும் திருத்தியிருக்கிறேன். பாடமாக்குகிறவனுக்குப் பொருள் தேவையில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பாடமாக்க வைக்கிறவனுக்கும் தேவைப்படுவதில்லை.

"அண்ணை," என்றேன், "ஞானஸ்நான வீட்டில அண்டைக்கு நீங்கள் குடிச்சது என்ன?"

"பியர்தான். சாராயம் எனக்கு ஒத்துக்கொள்ளாது."

கடிதம் மூன்று கிழமையில் வந்தது. என் குசினி மேசையில் வைத்து வாசித்து மொழிபெயர்த்தேன். விண்ணப்பதாரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடையில் பேசினார் என்று எழுதியிருந்தது. குதிரை ஒன்றைப் பற்றிப் பல தடவை குறிப்பிட்டார், அதன் தொடர்பு தெளிவாகவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை பத்திரங்களோடு பொருந்தவில்லை. பியரை மதுவாக அவர் கருதுவதாகத் தெரியவில்லை. ஆனால் ஈரல் நல்லது, கைச்சுறுசுறுப்பு நல்லது, மனம் மாற விருப்பமும் உண்டு போலத் தெரிகிறது. ஆகவே ஆறு கிழமை குழு வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தால் லைசென்ஸ் கொடுக்கலாம்.

"அப்ப பாசோ பெயிலோ?" என்றார் அண்ணை.

"ரெண்டுக்கும் நடுவில."

"ஏழு பிள்ளையளையும் அவ பிடிச்சிட்டா," என்று அவர் கவலைப்பட்டார். பியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதே கிழமை அக்கா எழுத்துச் சோதனையில் ஒரு பிழையும் இல்லாமல் பாஸ் பண்ணினா. சோதனை எடுத்தவர் இரண்டு தடவை திருத்திப் பார்த்தாராம். அடுத்த மாதம் ஓடிக் காட்டுகிற சோதனையிலும் முதல் தடவையே பாஸ்.

அண்ணைக்குக் குழு வகுப்பு பிடிக்கவில்லை. லைசென்ஸ் இழந்த எட்டு ஜேர்மன்காரரோடு வட்டமாக இருந்து மனதில் உள்ளதைச் சொல்லவேண்டும். "பாடமாக்க ஒரு தாளும் தரீனம் இல்லை மாஸ்டர்," என்றார். "சும்மா உண்மையைச் சொல்லட்டாம். சரியான கஷ்டம்." ஆனாலும் ஒரு வகுப்பையும் விடவில்லை. ஈஸ்டருக்கு முந்தியே வகுப்பு முடிந்துவிடும், பத்திரம் கைக்கு வரத்தான் இன்னும் சில கிழமை பிடிக்கும். முதலாளி கொஞ்சம் பொறுப்பார் என்று நம்பினார்.

அந்த நேரம் பார்த்துத் தற்காலிகச் சாரதி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். முதலாளி பாண் அடுக்கும் இடத்துக்கு வந்து, உடனே ஓடக்கூடிய ஆள் யாரையாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். வேறு ஒருவன் நிரந்தரமாக ஏறிக் குந்திவிடுவான் என்ற பயத்தில் அண்ணை வாய் திறந்துவிட்டார்.

"என்ர மனிசி இருக்கிறா."

எங்கள் ஊரில் பஸ் யன்னலால் கைக்குட்டை லேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்போமே, அப்படித்தான் அக்காவை அந்தச் சீற்றில் போட்டு வைத்தார். லைசென்ஸ் வந்ததும் லேஞ்சியை எடுத்துவிட்டுத் தான் இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

ஈஸ்டர் கழிந்து லைசென்ஸ் வந்தது. சேர்ட் போட்டு, தலை வாரி இழுத்து, நேரே முதலாளியிடம் போனார். முதலாளி அதிகம் பேசுகிற ஆள் அல்ல. யன்னலால் முற்றத்தைக் காட்டினார். அக்கா வானைப் பின்பக்கமாக இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரே இழுவையில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தா. இடப்பக்கத்துத் தூணில் அண்ணையின் காலத்து வெள்ளைப் பெயின்ற் இன்னும் நீளமாக இருந்தது.

"உன் மனைவியிடம் கேள்," என்றார் முதலாளி.

அன்று பின்னேரம் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். வழக்கமான கதிரையில் இருந்தார்.

"மாஸ்டர், மனிசியிட்ட வண்டிலைத் திருப்பிக் கேக்கிற ஆக்கள் ஆரும் உம்மட புத்தகங்களில இருக்கினமோ?"

இதைச் சொல்ல வெட்கம்தான், நான் தேடிப் பார்த்தேன். இரண்டு நாள் தேடினேன். அந்தப் புத்தகங்களில் மனைவிமார் நிறைய இருக்கிறார்கள். அழுகிறார்கள், செபிக்கிறார்கள், தவறணை வாசலில் பிள்ளையோடு காத்து நிற்கிறார்கள், ஒருத்தி சாராயப் பீப்பாவைச் சாக்கடைக் கானுக்குள் கவிழ்க்கிறாள். கடிவாளத்தைப் பிடித்தவள் ஒருத்தியும் இல்லை.

"ஒண்டும் இல்லை அண்ணை. பாடமாக்காமல் போய்க் கேளுங்கோ."

"பாடமாக்காமலோ?" என்றார், உடுப்பில்லாமல் கோயிலுக்குப் போகச் சொன்ன மாதிரி.

போய்க் கேட்டிருக்கிறார். அக்கா மறுக்கவில்லை. வானை முழுதாகக் கொடுக்கவும் இல்லை. கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே, "திங்களும் சனியும் நீங்கள் ஓடுங்கோ, மற்ற நாலு நாளும் நான்," என்றிருக்கிறா. அந்த நாலு நாளும் அவர் பக்கத்தில் இருந்து பெட்டி இறக்கவேண்டும். இரண்டு நாளாவது திறப்பு கைக்கு வந்ததே என்று அண்ணை சந்தோசமாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலை, நான் இரவு வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, மா படிந்த மேற்சட்டையோடு உள்ளே வந்தார். முகம் சரியில்லை.

"மாஸ்டர், ஒரு விசயம் இப்பத்தான் பிடிபட்டது. சனி விடிய வானில ஏறவேணுமெண்டால் வெள்ளி பின்னேரம் தொடேலாது. திங்கள் விடிய ஏறவேணுமெண்டால் ஞாயிறு முழுக்கத் தொடேலாது. எங்கட ஆக்கள் கலியாணம், ஞானஸ்நானம், பேத்டே எல்லாத்தையும் எப்ப வைக்கினம்?"

"ஞாயிறிலதான் கனக்க."

"அவ தெரிஞ்சுதான் அந்த ரெண்டு நாளையும் தந்திருக்கிறா." மேசையில் இருந்த என் புத்தகம் ஒன்றை எடுத்து, மணந்து பார்ப்பது போல மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "உண்மையைச் சொல்லும். இதுகளில இருந்து நீர் எடுத்துக் குடுத்த யோசினையோ இது?"

"சத்தியமா இல்லை அண்ணை. இத்தினை புத்தகத்திலயும் இப்பிடி ஒரு யோசினை இல்லை."

அவர் நம்பினாரோ தெரியாது. வெளியே வான் ஹோர்ன் இரண்டு தடவை அடித்தது. அவர் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடினார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.